லேத் சத்தம் கேட்காத வகுப்பு

கொழிஞ்சாம்பாறை
16-8-2020

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை. பகலெல்லாம் போனைப் பார்த்துப் பேசிவிட்டு ராத்திரியும் அதைத் தொடக் கை வரவில்லை. இன்று ஞாயிறு, காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நம் பழைய கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

இங்கிலாந்தில் டிகிரி அப்ரண்டிஸ்களுக்கு வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு படிப்புக்கு என்று விதியே இருக்கிறது, ஆலை வீட்டுக்கு அனுப்பினாலும் பாடம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆலையில் வேலை செய்துகொண்டே தொழிற்கல்விப் பட்டம் படிக்கும் என் பி.வோக் பையன்களுக்கு, மார்ச் 25 கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஆலையும் இல்லை, வகுப்பும் இல்லை. மே மாதம் கோவையில் பம்ப் கம்பெனிகள் மெல்லத் திறந்ததும் அந்தப் பக்கத்துப் பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கேரளாவில் நம் பக்கத்தவர்கள் எல்லை தாண்டும் பாஸுக்காக வாளையாறு செக்போஸ்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான்.

அப்புறம் ஒவ்வொரு பாடத்தையும் போனிலேயே காலையில் ஒரு முறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை எடுக்க ஆரம்பித்தேன், ஷிஃப்ட் அப்படி. ஜூன் 1-லிருந்து சின்னவளுக்கு கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி சேனலில் பள்ளிக்கூடம். அதனால் ஹால் அவளுக்கு, மொட்டை மாடி எனக்கு. சிக்னலும் அங்கேதான் நிற்கிறது, காற்று மட்டும் கரும்பலகைக்குப் பதிலாக வைத்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்.

தியரியில் சிக்கல் இல்லை. நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரில்தான் மாட்டினேன். 0.01 மி.மீ. வாசிப்பதைப் படம் போட்டுச் சொல்லிவிடலாம். அதன் முனையில் திருகும் ராட்செட்டை எந்த இடத்தில் விட வேண்டும் என்பது விரலுக்கல்லவா தெரியும்?

இதைக் கேள். ஒரு பையனுக்கு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஷாஃப்ட் என்ற தண்டைக் கடையும்போது மேலெல்லாம் அலை அலையாக வரி விழுகிறது. 'போனை அங்கேயே வை, ஓட்டிக் காட்டு, சத்தம் கேட்கட்டும்' என்றேன். படம் வருகிறது, சில்லு பறக்கிறது, சத்தம் மட்டும் இல்லை! மீட்டிங் ஆப் லேத்தின் இரைச்சலை வேண்டாத சத்தம் என்று வடிகட்டிவிட்டது. எனக்கு வேண்டியதே அதுதான். கடைசியில் வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பினான். கீச்சென்று ஒரு அலறல், பாதி புரிந்துவிட்டது. டூலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதைப் பிடிக்கும் போஸ்ட்டுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளிக் கட்டி, ஷாஃப்டின் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் சென்டரைத் தாங்கலாகக் கொடுத்ததும் அடங்கியது. மறுநாள் சரிசெய்வதற்கு முன்னும் பின்னுமான இரண்டு சத்தத்தையும் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு அமைதியாக ஒரு வகுப்பு இருந்ததில்லை.

ஆலையில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இதுவரை ரெக்கார்டு நோட்டில்தான் பார்த்திருக்கிறேன், அதிலும் பாதி காப்பி. இப்போது அவனவன் கடையும் ஜாபே வகுப்புக்கு வருகிறது. ஷாப்பில் போன் கூடாது என்று ஒரு சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். நியாயம்தான், ஜாபைக் கவ்விப் பிடிக்கும் சக்கு சுற்றும்போது போன் பார்ப்பவனுக்கு விரல் மிஞ்சாது. பிறகு, தானே பக்கத்தில் நின்று போனைப் பிடிப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டிலேயே மாட்டிக்கொண்ட ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் அப்பாவோடு தேங்காய் உரிக்கப் போகிறான். வகுப்பில் மியூட்டில் இருப்பான். மற்றவர்கள் ஜாபைக் காட்டும்போது கேமராவை அணைத்துவிடுவான். அவர்களுக்கு பிராக்டிகல் மார்க் என்ன போடுவது? மாதக் கடைசிக்குள் ஆபீஸில் கேட்கிறார்கள். 'வந்த பிறகு செய்' என்று காலியாக விடலாம் என்பது என் எண்ணம், ஆனால் அவர்கள் காலியை ஏற்க மாட்டார்கள். நீங்கள் அங்கே எப்படிச் சமாளித்தீர்கள்? கட்டாயம் எழுது.

போன வாரம் வேலந்தாவளம் போனபோது உன் அம்மாவைப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுதான். நன்றாக இருக்கிறார்கள். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, நான்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பேசினார்கள். உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறார்களாம், பிளேன் விட்டதும் வா என்று சொல்லச் சொன்னார்கள்.

உன் கடைசி பெஞ்ச்காரன்