பார்படோஸில் எங்கே சாப்பிடலாம், மாலதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் நேற்று ராத்திரிதான் நிதானமாகப் படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரில் பெரிய எழுத்தெல்லாம் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் ஒட்டாவாவில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள், அதனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, நானும் இவரும் சாப்பிட அரை டம்ளர் அரிசி வைத்தாலே மிஞ்சுகிறது. டொராண்டோவில் இலையெல்லாம் உதிர்ந்து முடிந்தது, இனி ஏப்ரல் வரை பனிதான்.

சரி, நீ கேட்ட விஷயம். பிப்ரவரி ஹாஃப்-டெர்ம் லீவுக்குப் பார்படோஸ் போகிறோம், சாப்பாடு எங்கே, பேசாமல் மூன்று வேளையும் ஹோட்டலிலேயே கொடுக்கும் பேக்கேஜ் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே மாலதி. காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறை போதும், முடிந்தால் சின்ன அடுப்பு வைத்த அபார்ட்மென்ட்டாகவே பார். முன்கூட்டியே காசு கட்டிவிட்டால் வெளியே போய்ச் சாப்பிட மனசு வராது, தெரு முனையில் நல்ல மீன் வறுபடும் வாசனை வந்தாலும் கட்டிய காசு வீணாகிறதே என்று திரும்பி வந்து அதே பஃபே வரிசையில் நிற்போம். அந்தத் தீவின் சாப்பாடெல்லாம் வெளியேதான் இருக்கிறது. கொடுக்கும் காசும் சமைக்கிறவர்கள் கைக்கே நேராகப் போகிறது, எனக்கு அது முக்கியம்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அங்கே எந்த ரெஸ்டாரன்ட் என்று தேடுவதைவிட இன்றைக்கு என்ன கிழமை என்று பார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சாப்பாடு, சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று ஊரே ஒழுங்கு வைத்திருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான், கடையிலும் அப்படித்தான். அந்தக் கிழமையில் அந்தச் சாப்பாட்டைத் தேடிப் போனால், எல்லாரும் அன்றைக்கு அதைத்தான் வாங்குவதால் அப்போதுதான் செய்ததாகக் கிடைக்கும்.

முதலில் வெள்ளி. தெற்குக் கரையில் ஓய்ஸ்டின்ஸ் என்று ஒரு மீனவர் ஊர், வெள்ளி ராத்திரி அங்கே மீன் வறுக்கும் திருவிழா. கடலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், வெளியே நீள பெஞ்சுகள், ஒவ்வொரு கடை முன்னாலும் கரியடுப்பில் புகை. மாஹி மாஹி, மார்லின், சூரை, வஞ்சிரம் ஜாதி மீன், சங்கரா என்று எது அன்று வந்ததோ அது, சுட்டோ வறுத்தோ தருவார்கள், கூட இரண்டு பக்க உணவு. ஒன்று மட்டும் பையனிடம் முன்பே சொல்லி வை, மாஹி மாஹியை அந்த ஊரில் டால்ஃபின் என்பார்கள், மெனு பலகையில் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம், அது மீன்தான். அங்கிள் ஜார்ஜ் கடைக்கும் பாட்ஸ் பிளேஸுக்கும் நல்ல பெயர், அதனால் கூட்டமும் அதிகம். ஏழு மணிக்குமேல் போனால் இடம் கிடைக்காமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடு. சாப்பிட்டபின் உடனே கிளம்பாதே. ஒரு பக்கம் மேடையில் இளைஞர்களுக்கான சத்தமான இசை, இன்னொரு பக்கம் பழைய பாட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் ஜோடி ஜோடியாக, அடி பிசகாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். எழுபது வயதுத் தாத்தா ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்து ஆடியதைப் பார்த்துவிட்டு இவர் அசையவே இல்லை.

பகலில் ஒருமுறை அதே ஊர் மீன் மார்க்கெட்டுக்குள்ளும் போய்ப் பார். கோலா மீன்தான் அந்த நாட்டின் அடையாளம், அவர்களுடைய ஒரு டாலர் நாணயத்திலேயே அதுதான் இருக்கிறது. நம் நாகப்பட்டினம் பக்கத்துக் கோலாவைத் தெரியுமல்லவா, அதே பறக்கும் மீன் குடும்பம். டிசம்பரிலிருந்து ஜூன் வரை சீசன், நீங்கள் போகும்போது இருக்கும். அதில் மெல்லிய முள் ஏராளம். மார்க்கெட்டில் பெண்கள் சின்னக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு மீனைப் பிளந்து விரித்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, ஓரத்து முள்ளுக்குக் கத்தி முனையால் இரண்டு பக்கமும் சின்னதாகக் கீறி அதையும் உருவிவிடுகிறார்கள். பேசிக்கொண்டே செய்கிறார்கள், கையைப் பார்ப்பதுகூட இல்லை. அந்த மீனை எலுமிச்சை, தைம், வெங்காயத்தாள், மிளகாய் அரைத்த பச்சை மசாலா தடவி மாவில் புரட்டி வறுத்தால் முள்ளே இல்லாமல் முழுசாகச் சாப்பிடலாம். இப்போது அந்த மீன் முன்பு போல் வருவதில்லை என்று அங்கே எல்லாரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். போதாததற்கு 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் தீவுக்குத் தெற்கே கடந்து போனபோது அலையில் ஏராளமான மீன்பிடிப் படகுகள் நொறுங்கின. நம் டீம் டி20 உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டு ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டதே, அதே புயல்தான். கோலா கிடைத்தால் கிடைக்கிற இடத்தில் சாப்பிட்டுவிடு, அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே.

அதோடு கூக்கூ என்று ஒன்று வரும். கோலா மீனும் கூக்கூவும்தான் அவர்களுடைய தேசிய உணவு. வெண்டைக்காயை வேகவைத்து, அந்தக் கொழகொழத் தண்ணீரைக் கீழே கொட்டாமல், ஊறவைத்த சோள மாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கிண்டுவதற்கென்றே தட்டையான மரத் துடுப்பு வைத்திருக்கிறார்கள். நம் கேழ்வரகுக் களியேதான் மாலதி, நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றுவது வரைக்கும். வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டு உருட்டிக் கவிழ்த்து, குழியில் தக்காளி வெங்காயக் குழம்பை விட்டு, மேலே ஆவியில் வேகவைத்த மீனைச் சுருட்டி வைத்துத் தருவார்கள். உன் பாட்டி வீட்டில் களி தின்று வளர்ந்தவள் நீ, உனக்குப் பிடிக்கும். ஸ்பைட்ஸ்டவுனில் ஃபிஷர்மன்ஸ் பப் என்று கடல்மேல் நீட்டிக் கட்டிய பழைய கடை இருக்கிறது, மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று இது, அது என்று கை காட்டி வாங்கலாம். கூக்கூ இருக்கிற நாளா என்று கேட்டுக்கொண்டு போ.

சனிக்கிழமை புட்டிங் அண்ட் சவுஸ். பன்றியிறைச்சியை வேகவைத்து எலுமிச்சைச் சாறு, வெள்ளரிக்காய், வெங்காயம், பார்ஸ்லி, காரமான மிளகாய் போட்டு ஊறவைத்து ஆறியபடியே பரிமாறுவது, கூட சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசாலா சேர்த்து ஆவியில் வேகவைத்தது. கரும்புத் தோட்டத்து அடிமைக் காலத்தில், முதலாளி வீட்டார் ஒதுக்கிய தலை, கால், காது இவற்றை வைத்து அந்த ஜனங்கள் உண்டாக்கிய சாப்பாடு அது என்கிறார்கள். இன்று சனிக்கிழமை மத்தியானம் தெருவுக்குத் தெரு வீட்டு வாசலில் பலகை வைத்து விற்கிறார்கள், கார் நிறுத்தி டப்பா டப்பாவாக வாங்கிப் போகிறார்கள். நீ பன்றி சாப்பிட மாட்டாய், அந்தக் கிழங்கு மட்டும் கேட்டால் தருவார்களா என்று விசாரித்துப் பார், பழைய முறையில் பன்றிக் குடலில் அடைத்துச் செய்வதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும், மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான். சில ஹோட்டல்களில் ஞாயிறு பஃபே மட்டும் ஊர் முறைப்படி போடுவார்கள், அதற்கு வெளியாளும் போகலாம், உள்ளூர்க் குடும்பங்கள் சர்ச் உடையோடு வந்து உட்கார்ந்திருப்பதே அது நல்ல இடம் என்பதற்கு அத்தாட்சி. மக்ரோனி பை, துவரை போட்ட சாதம், அடுப்பில் சுட்ட கோழி, சீமைப்பலா. வியாழன் என்றால் கிழக்குக் கரையில் மார்ட்டின்ஸ் பே, சின்ன மீனவக் குப்பம், அங்கே பே டாவர்னில் மத்தியானம் மீன் சாப்பாடு, தலைநகர் பிரிட்ஜ்டவுன் ஆபீஸ்காரர்கள்கூட வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படியே பக்கத்தில் பாத்ஷீபா கடற்கரையையும் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் அட்லாண்டிக் கடல், இழுவை பலமானது, பையனை நீந்த விடாதே.

எந்தக் கிழமையும் இல்லாமல் எப்போதும் சாப்பிடக்கூடியது கட்டர். மேல்தோல் கொஞ்சம் மொறுமொறுப்பான உருண்டை ரொட்டியைப் பிளந்து நடுவில் மீனோ ஹாமோ சீஸோ வைப்பது. பிரிட்ஜ்டவுனுக்குப் பக்கத்தில் பெபிள்ஸ் பீச்சில் கஸ்ஸஸ் என்று நீலப் பெட்டிக்கடை ஒன்று, வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மார்லின் துண்டைத் தோசைக்கல் மாதிரித் தட்டில் போட்டு, அதன்மேல் சீஸ் உருக, பக்கத்திலேயே முட்டை ஒன்றை உடைத்து ஊற்றி, மூன்றையும் ரொட்டிக்குள் அடுக்கித் தருவார்கள். மேசையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய் சாஸ் பாட்டில் இருக்கும். மஞ்சளும் கடுகும் சேர்த்து அரைத்த ஸ்காட்ச் பானட் மிளகாய் அது, முதலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஊற்று. கையில் வாங்கிக்கொண்டு நேரே மணலில் உட்கார்ந்து கார்லைல் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். கடற்கரை எல்லாமே அங்கே பொதுச் சொத்து, எந்தப் பெரிய ஹோட்டல் முன்னாலும் துண்டு விரித்து உட்காரலாம்.

அண்ணா சைவம் என்பதுதான் யோசனையாக இருக்கிறது, ஆனால் சமாளிக்கலாம். உருளைக்கிழங்கு ரொட்டி எங்கும் கிடைக்கும், டிரினிடாட், கயானா பக்கத்திலிருந்து வந்த பழக்கம், கறிமசாலா போட்ட கிழங்கை மெல்லிய ரொட்டியில் மடித்துத் தருவார்கள். செஃபெட் என்று உள்ளூர் ஃபாஸ்ட்ஃபுட் கம்பெனி, 1972-லிருந்து இருக்கிறது, ஊதாவும் மஞ்சளுமாகப் பலகை, அங்கேயும் உண்டு. மக்ரோனி பையில் சில இடத்தில் முட்டை சேர்ப்பார்கள். துவரைச் சாதம் பார்க்கச் சைவமாகத் தெரிந்தாலும் உப்பிட்ட இறைச்சித் துண்டு போட்டு வடிப்பது வழக்கம், கேட்காமல் வாங்கிக் கொடுக்காதே. பிரிட்ஜ்டவுன் சீப்சைடு மார்க்கெட் பக்கம் ராஸ்தாஃபாரி மதத்துக்காரர்கள் இறைச்சி இல்லாத சமையல் செய்து விற்கிறார்கள், அது நம்பிச் சாப்பிடலாம். சனிக்கிழமை காலையில் அங்கே போனால் காய்கறியும் பழமும் வாங்கி வரலாம், அபார்ட்மென்ட் எடுக்கச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு ராத்திரியாவது நல்ல உடை போட்டுக்கொண்டு பெரிய இடத்துக்குப் போக ஆசைப்படுவாய். மேற்குக் கரை ஹோல்டவுன் பக்கம் பணக்காரர்கள் பேட்டை, லண்டன் விலையைவிடக் கூட இருக்கும். தெற்குக் கரையில் ராக்லி பக்கத்தில் சாம்பர்ஸ் என்று பாறை மேல் இருக்கும் ரெஸ்டாரன்ட், அலை கீழே வந்து அடிக்கும், எங்கள் கல்யாண நாளுக்குப் போனோம், கொடுத்த காசுக்குத் திருப்தி. பிப்ரவரி முழு சீசன், அதனால் லண்டனிலிருந்தே மேசை பதிவு செய்துவிடு. பில்லைப் பார்த்து டிப்ஸ் வை, 10 சதவீதம் சேவைக் கட்டணம் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்திருக்கும். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், அது மாறுவதே இல்லை, அமெரிக்கப் பணத்தையும் எல்லா இடத்திலும் வாங்குவார்கள். விலை சொல்லும்போது எந்த டாலர் என்று மட்டும் கேட்டுக்கொள், முக்கியமாக டாக்ஸியில். பஸ் டிக்கெட் 3.50 உள்ளூர்க் காசு, எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். வெள்ளை வேன்களில் பாட்டு அலறும், வேகமும் அதிகம், பையன் ரசிப்பான், நீ மாட்டாய்.

ரம் ஷாப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் சின்ன மரக்கடை, பகலில் குடும்பத்தோடு போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் குட் ஆஃப்டர்நூன் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுப்பது அங்கே மரியாதைக் குறைவு. உப்பிட்ட காட் மீனில் செய்த சுடச்சுட மீன் போண்டா கேள், ரொட்டிக்குள் இரண்டு போண்டா வைத்துத் தருவார்கள். குடிக்காதவர்களுக்கு மாபி, மரப்பட்டையைக் கொதிக்கவைத்துச் செய்வது, முதலில் இனிப்பு, பின்னால் கசப்பு. இவர் அங்கே மத்தியானம் முழுக்க டாமினோ ஆடுகிறவர்களோடு உட்கார்ந்துவிட்டார், ஆட்டம் புரிகிறதா என்று கேட்டால் ஆமாம் என்கிறார்.

கடைசியாக இரண்டு ஜாக்கிரதை. கடற்கரையில் சில மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், மான்சினீல், சின்ன பச்சை ஆப்பிள் மாதிரிப் பழம் கீழே கிடக்கும். கொடிய விஷம், தொடவே கூடாது, மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினாலே தோல் வெந்துவிடும். அப்புறம், ராணுவப் புள்ளி போட்ட உடை அங்கே சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும்தான். போன படத்தில் பையன் போட்டிருந்தானே ஒரு டிராயர், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. வெள்ளி, சனி இரண்டும் உள்ளே விழுகிற மாதிரி போடு, வியாழனும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நாங்கள் வொர்த்திங்கில் தங்கிய அபார்ட்மென்ட்டின் விவரம் இவரிடம் இருக்கிறது, அந்த வாரம் காலியாக இருக்கிறதா என்று நாளைக்கே கேட்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
கலா