அந்த மோட்டார் சைக்கிள் இருக்கட்டும்

அன்புள்ள கயல்,

பிள்ளைகளுக்காக நீ செய்து அனுப்பிய மங்கோலிய மேய்ப்பர் படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். கூடாரத்துக்குள் அடுப்பு எங்கே இருக்கிறது, புகை எப்படி வெளியே போகிறது என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியும்: அடுப்பு நடுவில், புகைக்குழாய் கூரை வளையம் வழியாக மேலே. ஆனால் உன் படத்தில் அது இல்லை. கூடாரம் போடுவதை நொடியில் காட்டிவிட்டு, "இயற்கையோடு இயைந்து வாழும் மக்கள்" என்று ஒரு குரல் வந்துவிடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மேய்ப்பர் மோட்டார் சைக்கிளில் மந்தையை ஓட்டிவரும் காட்சியை எடுத்துவிடலாமா என்றாய். எடுக்காதே. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நீ இருக்கும் கனடாவிலேயே எடுத்த பழைய படங்கள் சில உண்டு. வடக்கே ஆர்க்டிக் கரையில், அப்போது பெல்லி பே என்றும் இப்போது குகாருக் என்றும் வழங்கும் ஊர்ப் பக்கம், நெட்சிலிக் இன்யூட் என்ற பழங்குடி மக்களை வைத்து 1963 முதல் 1965 வரை படம்பிடித்தார்கள். பொறுப்பேற்ற மானிடவியலாளர் ஆசென் பாலிக்சி. அமெரிக்காவில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று உளவியலாளர் ஜெரோம் புரூனர் முன்னின்று வகுத்த பாடத்திட்டத்துக்காக எடுத்தவை அவை. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் இருக்கின்றன. கல்லணை கட்டி மீன் பிடிக்கும் படத்தை மட்டுமாவது பார்த்துவிடு.

அதில் பின்னணிக் குரலே கிடையாது. அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், கீழே எழுத்தும் ஓடாது. கோடைக்காலம். ஆண்கள் ஆற்றில் இறங்கிக் கல்லைத் தூக்கித் தூக்கி வைத்து அடைப்புக் கட்டுகிறார்கள். கரையில் ஒரு பெண் வாத்தை உரிக்கிறாள். அப்புறம் குச்சியைச் சுற்றி விறைப்பாகத் தலை பின்னிக்கொள்கிறாள். விலங்கின் பை ஒன்றை ஊதிப் பலூனாக்கிக் குழந்தைக்குத் தருகிறாள். மூன்று முள் உள்ள ஈட்டியால் குத்திய மீன்களைக் கோத்து, ஒரு ஆள் இழுக்க முடிகிற மட்டும் சேர்த்துக் கரைக்கு இழுக்கிறார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பச்சை மீனைச் சாப்பிடுகிறார்கள். வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளை முகம் சுளிக்கத்தான் செய்யும். சுளிக்கட்டும். முகம் சுளித்த அதே பிள்ளை அந்தப் பலூனையும் பார்த்திருக்குமே!

இலையுதிர்காலப் படத்தில் ஒருவர் சறுக்கு வண்டி செய்கிறார். கூடாரத்துத் தோல், உறைந்த மீன், கரிபூ மான் கொம்பு எல்லாவற்றையும் கடல்நாய்த் தோல் வாரால் இறுக்கிக் கட்டுகிறார். மீனில் வண்டியா என்று நாமே வியந்து, நாமே விடை தேட வேண்டும். மரமில்லாத ஊர் என்பது அப்போதுதான் புரிகிறது. ஒரு குரல் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?

இவ்வளவு மெச்சினாலும் ஒரு விஷயத்தில் எனக்கு அந்தப் படங்கள் மேல் வருத்தம் உண்டு. 1963இல் அந்த மக்களிடம் துப்பாக்கி இருந்தது, மாதாகோவில் இருந்தது. துப்பாக்கி வருவதற்கு முன் தாத்தா பாட்டி காலத்தில் எப்படி வாழ்ந்தார்களோ அதைத்தான் கேமராவுக்காகத் திரும்பச் செய்து காட்டினார்கள். மறந்துபோகாமல் அந்த வித்தையைப் பதிவு செய்தது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் மட்டும் பார்க்கும் பிள்ளை, அங்கே இன்றைக்கும் கல் ஈட்டியோடுதான் திரிகிறார்கள் என்று நினைத்தால் அதன் மேல் என்ன தப்பு? போதாக்குறைக்கு அந்தப் பாடத்திட்டம் சால்மன் மீன், கடற்காகம், பபூன் குரங்கு என்று வந்து அடுத்தபடியாக இன்யூட் மக்களை வைத்தது. மனிதன் எதில் வேறுபடுகிறான் என்று காட்டத்தான் அப்படி வைத்தார்கள். இருந்தாலும் அந்த வரிசை எனக்கு உறுத்துகிறது.

1975இல் அந்தப் பாடத்தை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே சண்டை நடந்தது. அந்த மக்கள் பழைய காலத்தில் முதியவர்களைப் பனியில் விட்டுப் போனதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வதா என்று கேட்டார்கள். அரசுப் பணமும் நின்றது. துப்பாக்கியை ஏன் மறைத்தீர்கள் என்பதல்ல அன்றைய சண்டை. நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதனால் மோட்டார் சைக்கிள் இருக்கட்டும். கூடாரத்துக்கு வெளியே சூரிய ஒளித் தகடு இருந்தால் அதுவும் இருக்கட்டும். குதிரை அழகுதான், ஆனால் அந்த மனிதர் பெட்ரோலுக்கு என்ன செய்கிறார் என்பது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல கேள்வி. பதிலாகக் குரலைக் குறை. இசையையும். கூடாரம் போடுவதை முழுசாகக் காட்டு: மரச்சட்டம் விரிவது, கம்பளம் சுற்றுவது, கயிறு இழுப்பது. பத்து நிமிஷப் படத்தில் மூன்று நிமிஷம் அதற்கே போனாலும் போகட்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். வீடு கட்டுகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்க்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தொடக்கத்தில் 'மங்கோலியர்கள்' என்று பொதுவாகப் போடாமல், எந்த ஊர், யார் குடும்பம், எந்த வருஷம் எடுத்தது என்று போடு. அந்தக் குடும்பத்துக்குப் படத்தைப் போட்டுக் காட்டியாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைச் செய். அவர்கள் ஏதாவது ஒரு காட்சியை எடுக்கச் சொன்னால், நான் மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு அதை எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா