பில்லில் மரத்தின் தாவரப் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலமாரி செய்வதற்காக அண்மையில் 'பிலிப்பைன் மகோகனி' என்ற பெயரில் சில பலகைகள் வாங்கினேன். ஒரு பலகையின் குறுக்குவெட்டைப் பிளேடால் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, வெண்புள்ளிகள் தையல் போட்டதுபோல் வரிசையாக ஓடின. அவை பிசின் உறைந்த நுண்குழாய்கள். மகோகனியில் இயல்பாக அமையாதவை. என் கையில் இருந்தது சால் மரத்தின் பேரினமான ஷோரியாவைச் சேர்ந்த மரம். வேப்பமரக் குடும்பத்தில் வரும் மகோகனிக்கும் அதற்கும் செந்நிறம் ஒன்றைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. மர வணிகத்தில் அந்தப் பெயர் நெடுநாளாகவே புழங்குகிறது. பிலிப்பைன்ஸில் லவான் எனப்படும் இவ்வகை மரங்கள், தீபகற்ப மலேசியாவில் மெராண்டி என்றும் அந்நாட்டின் சபா மாநிலத்தில் செராயா என்றும் விற்கப்படுகின்றன. மெராண்டியும் ஒரே மரத்தின் பெயர் அன்று. பல இனங்களை நிறத்தையும் எடையையும் பார்த்துக் கட்டிய மூட்டை அது. அந்த மூட்டைக்குள் இருக்கும் வெள்ளை மெராண்டியில் சிலிக்கா மிகுதி என்பதால், வாள் பற்கள் விரைவில் மழுங்கிவிடும்.

'ஆப்பிரிக்கத் தேக்கு' என்ற பெயர் இன்னும் சிக்கலானது. இரோக்கோவும் அந்தப் பெயரில் விற்கிறது, அஃப்ரோர்மோசியாவும் விற்கிறது. இரண்டுமே தேக்கு அல்ல. அஃப்ரோர்மோசியா 1992 முதல் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இரோக்கோ அதில் இல்லை. ஆக, ஒன்றுக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டும், மற்றொன்றுக்கு அந்த ஒப்பந்தப்படி வேண்டியதில்லை என்ற வேறுபாட்டை ஒரே பெயர் மறைத்துவிடுகிறது.

மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்யும் பிளைவுட்டில் மேல்தாள் ஒரு மரம், நடுத்தாள்கள் வேறு மரம் என்பது வழக்கமாக இருந்தும், மேலே தெரிவதன் பெயரே முழுப் பலகைக்கும் சூட்டப்படுகிறது. 'மரைன்' (கடல்தர) பிளைவுட் என்றதும் எந்த ஈரத்தையும் தாங்கும் என நம்புகிறவர்கள் பலர். படகு கட்டுவோர் விரும்பி வாங்கும், ஒக்கூமே என்ற ஆப்பிரிக்க மரத்தாலான பிளைவுட்டில் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் ஒக்கூமே மரத்துக்கு இயற்கையான உளுப்பு எதிர்ப்பு குறைவு. ஓரங்களை எப்பாக்சி என்ற செயற்கைப் பிசின் பூசி அடைக்காமல் விட்டால், பசை கெட்டியாக இருக்க மரம் உளுத்துப்போகும்.

இத்தனைக்கும் தாவரப் பெயர் எவருக்கும் தெரியாத இரகசியம் அன்று. சட்டவிரோத மர வணிகத்தையும் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தம், இறக்குமதியாகும் மரத்தின் பேரினம், இனம் இரண்டையும் அறிவிக்கச் சொல்கிறது. துறைமுகத்தில் காட்டும் தாளில் எழுத முடிகிற பெயரை, கடையில் கொடுக்கும் பில்லில் எழுதுவதில் என்ன தடை? வணிகப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் தாவரப் பெயரும், பிளைவுட் என்றால் மேல்தாளுக்கும் நடுத்தாளுக்கும் தனித்தனியாக, அச்சாக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அலமாரியை அந்தப் பலகைகளிலேயே செய்து முடித்துவிட்டேன். என்ன மரம் என்று கேட்பவர்களிடம் மெராண்டி என்கிறேன். எந்த இனம் என்று மட்டும் என் லென்ஸால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
தச்சு வேலையில் ஆர்வமுள்ள வாசகர்