ஒரே ஒரு கோடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் இருக்கும்போது ரேடியோ டெலஸ்கோப் எதற்கு என்று கேட்டிருந்தாய். நட்சத்திரம் பிறக்கும் இடத்தில் தூசியும் வாயுவும் மண்டிக் கிடக்கும். இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியைத் தூசி விழுங்கிவிட்டு, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீண்டு, மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் சிலியின் அடகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், ஆல்மா என்ற ரேடியோ டெலஸ்கோப்பின் 66 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. காற்றில் ஈரம் இருந்தால் இந்த அலைகளை அது உறிஞ்சிவிடும். அதனால்தான் அவ்வளவு வறண்ட இடம்.

2025 மார்ச்சில் வந்த செய்தியைப் படித்தாயா? ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்று ஒரு கேலக்ஸி. (பெயர் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் ரசனை இருந்திருக்கலாம்.) பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்து ஒளி. வெப் அதைக் கண்டுபிடித்தது. ஆல்மா அதன் நிறமாலையில் ஆக்ஸிஜனின் ஒரே ஒரு கோட்டை, அதாவது ஆக்ஸிஜனுக்கே உரிய ஓர் அலைநீளத்தில் வரும் ஒளியை, பிடித்தது. புறப்பட்டபோது அதன் அலைநீளம் 88 மைக்ரான் (1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). வந்து சேரும்போது 15 மடங்கு நீண்டு, சுமார் 1.34 மில்லிமீட்டர். எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதிலிருந்தே தூரம் துல்லியமாகக் கிடைத்துவிடுகிறது.

தூரம் கிடக்கட்டும், எனக்கு அந்த ஆக்ஸிஜன்தான் விஷயம். பெருவெடிப்பில் உருவானது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்து, அது வெடித்த பிறகுதான் வெளியே வரும். ஆக, அந்தச் சின்ன வயசுக் கேலக்ஸியில் அதற்குள் ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து செத்தே போயிருக்கின்றன! ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எதிர்பார்த்ததைப் போல் சுமார் 10 மடங்கு. பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் என்று தெரிந்தும், இவ்வளவு அவசரம் எனக்கு ஜீரணமாகவில்லை.

அப்புறம், இந்த வேகம் ஏன் நீடிக்கவில்லை? சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்த நட்சத்திரப் பிறப்பு இன்று பத்தில் ஒரு பங்குதான். இதற்கு ஒரு துப்பு புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்பிலிருந்து 2020இல் வந்தது. தொலைதூரக் கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் வாயு விடும் 21 செ.மீ. அலைநீள ரேடியோ சிக்னல் தனியாகக் கேட்காத முணுமுணுப்பு. 7,653 கேலக்ஸிகளுடையதைச் சேர்த்துக் கேட்டார்கள். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றில் வாயு நிறையவே இருந்திருக்கிறது. ஆனால் செலவான வேகத்துக்கு அது 100, 200 கோடி ஆண்டுகளுக்குத்தான் காணும். வெளியிலிருந்து புது வாயு போதுமான அளவு வரவில்லை, உற்பத்தி படுத்துவிட்டது. ஆல்மாவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த வேலைக்கு அந்த அளவு பேச்சு கிடைக்காததில் எனக்கு வருத்தம்தான்.

பிரபஞ்சம் எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தது என்று நீ அடித்துப் பேசுவாயே, இப்போது என்ன சொல்கிறாய்? எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்