நோன்பு அதிரசத்துக்கு ஏன் ஐந்து நாள் முன்பே சொல்ல வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு வாங்கிய அதிரசம் மறுநாளே கடிக்க முடியாமல் போனதாகச் சில வீடுகளில் வருத்தப்பட்டீர்கள். தப்பு எங்களுடையதுதான். கடைசி நேர ஆர்டர்களை மறுக்க மனம் வராமல், கிளறிய மாவை அன்றே சுட்டுவிட்டோம். பாகும் பதம் தாண்டியிருந்தது.

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்புகிறோம். அள்ளினால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் அரைப்போம். காய்ந்த மாவில் மென்மை வராது. வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். கொஞ்சம் விட்டால் கல்லாகிவிடும். அப்புறம் ஏலக்காய், சுக்கு சேர்த்துக் கிளறி, மேலே நெய் தடவிப் பானையில் மூன்று நாள் வைக்கிறோம். இந்த மூன்று நாளைத்தான் போன வருஷம் தவறவிட்டோம்.

இது வெறும் பலகாரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலேயே பெருமாளுக்கு ‘அதிரசப்படி’ படைத்த கணக்கு இருக்கிறது. சிவனின் உடம்பில் பாதியைப் பெற அம்பிகை இருந்த கேதார கௌரி விரதத்துக்கு, ஐப்பசி அமாவாசையில் 21 இழைக் கயிறு, 21 வெற்றிலை, 21 அதிரசம். அதனால் நோன்பு அதிரசத்தைக் குளித்துவிட்டு, தனிச் சட்டியில், புது எண்ணெயில் சுடுகிறோம். படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நிறத்தைப் பார்த்தும், ஓரத்தை விரலால் அமுக்கியும்தான் பதம் சொல்கிறோம். மாவு சரியாக இருந்தால்தான் அந்தக் கணிப்பு பலிக்கும்.

வழியில் ஒன்று உடைந்தால் கணக்கு குறையும் என்பதால் ஒவ்வொரு பெட்டியிலும் 23 வைக்கிறோம். கூடுதல் இரண்டுக்குக் காசு வேண்டாம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு வரை ஆர்டர் எடுப்போம். அதன்பின் யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் நோன்பு தீபாவளியன்றா, மறுநாளா என்பதையும் சொல்லிவிடுங்கள். முந்தின நாள் மாலை சுட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பலகாரக் கடையார்