மஞ்சள் எங்கே போனது?

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

கடிதமும், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படமும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் எங்களுக்கும் நிம்மதி. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. சொட்டு மருந்து இன்னும் ஓடுகிறது, அதனால்தான் பதில் தாமதம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். படம் 1940 கோடையில் எடுத்தது, ஆனால் பக்கவாட்டு வட்டக்குறியில் மஞ்சள் வெளி வளையத்தையே காணோம், நீ செய்யும் மாதிரி விமானத்தில் அதை அடிக்காமல் விட்டுவிடவா என்கிறாய். விடாதே. மஞ்சள் அங்கேதான் இருக்கிறது. நடுவிலுள்ள சிவப்பைப் பார், ஏறக்குறைய கறுப்பு. வெள்ளையைத் தாண்டி இருக்கும் நீலம் வெளிறிக் கிடக்கிறது. அது உண்மையில் நல்ல அடர்நீலம்டா! அப்படியென்றால் அது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு உறைக்காது, நீலம் அளவுக்கு மீறி உறைக்கும். மஞ்சள் இருண்டுபோய், பச்சையும் பழுப்புமான உருமறைப்புக்குள் கரைந்துவிடும். அதே விமானத்தை, சிவப்பும் உறைக்கும் பாங்குரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்திருந்தால் வளையம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

நேற்று வீட்டிலேயே செய்து பார்த்தேன். மஞ்சள் பெயின்ட் டப்பாவையும் நீல டப்பாவையும் ஜன்னலோரம் வைத்து, செல்போன் லென்ஸின் மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். மஞ்சள் டப்பா கரி மாதிரி வந்தது, நீலம் சாம்பல் பூத்தது. நீயும் செய்து பார்.

அதனால் எந்தப் படத்திலும் முதலில் நிறம் தெரிந்த இடத்தை வைத்து ஃபிலிமைக் கண்டுபிடிக்க வேண்டும், தெரியாத இடத்துக்கு அப்புறம்தான் போக வேண்டும். முதல் உலகப் போர்ப் படங்களில் பிரிட்டிஷ் விமானத்தையும் பிரெஞ்சு விமானத்தையும் மாற்றிச் சொல்வது இதனால்தான். ஒன்றுக்கு நடுவில் சிவப்பு, மற்றதற்கு நடுவில் நீலம். ஃபிலிம் தெரியாமல் பார்த்தால் நாடே மாறிவிடும்.

அடிப்பாகம்தான் கஷ்டம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இடது இறக்கையின் அடி கறுப்பு, வலது வெள்ளை. 1940 ஜூனில் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை சாயலுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. போதிய பெயின்ட் கிடைக்காமல் சில படைப்பிரிவுகள் தாங்களே கலந்து அடித்ததில் நீலச் சாயலும் வந்தது. உன் படத்தில் அது வெளிர் நிறம் என்பது வரைதான் தெரிகிறது. நீ ஸ்கை அடி, ஆனால் உத்தரவை நம்பி அடித்தேன் என்று குறிப்பு நோட்டில் எழுதி வை. மருமகன் கணினியில் கலர் ஏற்றிய படத்தை ஆதாரமாக எடுக்காதே. அது மஞ்சள் வளையத்துக்கும் பச்சை பூசியிருக்கிறது. அந்த விமானத்தில் ஒருவன் உயிரைப் பணயம் வைத்துப் பறந்திருக்கிறான். தெரியாததைத் தெரிந்த மாதிரி பூசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. அந்த நீல டப்பாவை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் சுத்தமான நீலம், இடது கண்ணில் தேநீர் பட்ட மாதிரி மங்கல். இத்தனை வருடமாக இந்தக் கண்ணை வைத்துத்தான் நிறம் கலந்திருக்கிறேன்! இடது கண்ணுக்கும் செய்து முடித்த பிறகுதான் இனி கலக்கப்போகிறேன்.

வால் பகுதியை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பு. அங்கிருக்கும் பட்டையில் முன்பக்கம் சிவப்பு வர வேண்டும். அதுவும் கறுப்பாக இருந்தால் தயங்காமல் மஞ்சள் டப்பாவைத் திற.

அன்புடன்,
ராமு