மரபணு ஆய்வுக்கான ஒப்புதல் படிவங்கள்: வேலூர் வட்டார ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். என் அக்காள் மகளின் பையனுக்கு, இரத்தம் எளிதில் உறையாத பிறவி நோயான ஹீமோபீலியா இருக்கிறது. முட்டியில் இரத்தம் கட்டி வீங்கும்போதெல்லாம் இரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசிக்காக அவனைப் பேருந்தில் அழைத்துச் செல்பவன் நான் என்பதால், மரபணு ஆய்வே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடுமையான ஹீமோபீலியா ‘ஏ’ உள்ள ஐந்து பேரின் குருத்தணுக்களை (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை) எடுத்து, அவர்களுக்குக் குறைவாக உள்ள எட்டாம் காரணிக்கான (ஃபேக்டர் 8) மரபணுவை அவற்றில் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அது நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது என்று அக்காளுக்குப் படித்துக் காட்டியபோது, அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் இந்த மடல் வேறொரு நாளைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் (எது என்பது இங்கே தேவையில்லை) பையனுக்கு இரத்தம் எடுத்த கையோடு, ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ‘தங்களது மரபுசார் தரவுகள் அடையாளம் நீக்கப்பட்டு எதிர்கால ஆய்வுகளுக்கு உட்படுத்தப்படலாம்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. பிழையற்ற தமிழ்தான், பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திய நானே அதை இன்னொரு முறை படிக்க வேண்டியிருந்தது. பையனின் தாய் படிக்காமலே கையெழுத்திட்டாள். ஏன் என்று வழியில் கேட்டேன். “போடலேன்னா ஊசி கிடைக்காதுன்னு நெனச்சேன் மாமா” என்றாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

கருவில் மரபணுவைத் திருத்துவது சரியா என்பதே இப்போது கூட்டங்களில் பெரிய விவாதமாக இருக்கிறது. 2018-இல் சீனாவில் அப்படிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் செய்தி உலகையே உலுக்கியது. நம் நாட்டில் 2019-இன் மரபணு சிகிச்சை வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் தரவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த கேள்வி அதுவன்று.

பையனின் தாய்க்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளை என் மகனுக்குக் கட்டுவதாகச் சிறுவயதிலிருந்தே பேச்சு. ஹீமோபீலியா தாய் வழியில் வருவது. சில வீடுகளில் புதிதாகவே தோன்றுவதும் உண்டு. என் அக்காள் இந்த நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர் என்றால், இளையவளும் சுமப்பதற்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவளும் சுமந்தால், அவள் பெறும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஆகவே ஒரு சிறுவனிடம் எடுத்த இரத்தத்தில், அந்த அறைக்கே வராத ஒரு பெண்ணின் செய்தியும் இருக்கிறது. அதை அறியவோ அறியாமல் இருக்கவோ அவளுக்கு உரிமை உண்டா, அவளிடம் சொல்ல வேண்டியவர் மருத்துவரா, அவள் அக்காவா, அல்லது மாப்பிள்ளையின் அப்பனான நானா? படிவத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. (கல்யாணம் என்ன ஆயிற்று என்பது எங்கள் வீட்டு விஷயம்.) அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் உள்ள இந்த வட்டாரத்தில், இதை அரிதான சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. நோய் உள்ள ஒருவர், மரபணுவைச் சுமக்கும் தன் அக்காள் மகளையே மணந்தால், பெண் குழந்தைக்கும் இந்நோய் வரலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பெண் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியவில்லை. 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவு மசோதா, மரபணுத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்தியிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. எஞ்சியிருக்கும் வேலி, நீங்கள் பார்த்து அனுமதிக்கும் அந்தப் படிவம்தான்.

ஆகவே, இரத்தத்தைச் சேமித்து வைப்பதற்கும், பிற ஆய்வுகளுக்குக் கொடுப்பதற்கும், நிறுவனங்கள் அதிலிருந்து வணிகப் பயன் பெறுவதற்கும் தனித்தனியே ஒப்புதல் கேளுங்கள். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்பதைப் படிவத்தின் முதல் வரியாக வையுங்கள். ஒரு நாளாவது வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க விடுங்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்தில் வீட்டில் உருது பேசுவோர் ஏராளம். சிகிச்சைக்கென்றே வங்காளத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் விடுதிகளில் தங்குவோரும் உண்டு. அவர்களுக்கும் அவரவர் மொழியில் படிவம் வேண்டும். குடும்பத்தாருக்கு என்ன சொல்வது, யார் சொல்வது என்பதை இரத்தம் எடுப்பதற்கு முன்பே பேசி முடிவுசெய்ய ஓர் ஆலோசகர் வேண்டும்.

2019-இன் மருந்து ஆய்வு விதிகளின்படி உங்கள் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் நோயாளியின் வீட்டிலிருந்து ஒருவரை ஒருமுறையேனும் அமர்த்தி, படிவத்தை அவர் வாயால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். தமிழைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் ஊதியமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
ஹீமோபீலியா உள்ள சிறுவனின் தாய்மாமன் முறைத் தாத்தா,
குடியாத்தம்